ஒரு விநாடிக்கு எத்தனை கோடிப் புள்ளிகள்?

2012 அக்டோபரில் கோப்ரோ நிறுவனம் ஹீரோ 3 பிளாக் ஆக்‌ஷன் கேமராவை அறிமுகப்படுத்தியது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தப் பெட்டி 4கே வீடியோ எடுக்கும் என்பதுதான் பெரிய செய்தி. பெரும்பாலான வீடுகளில் 4கே தொலைக்காட்சி எட்டிக்கூடப் பார்க்காத காலம் அது. ஆனால் மெனுவைத் திறந்தவர்களுக்கு இன்னொரு எண் காத்திருந்தது. 4கே-வைத் தேர்ந்தெடுத்தால் விநாடிக்கு 15 ஃபிரேம்தான். சினிமாவுக்கே 24 வேண்டும். 15 ஃபிரேமில் அலைச்சறுக்கு எடுத்தால் படம் தத்தித் தத்தித்தான் நகரும். அதே கேமராவில் 1080பி-க்கு இறங்கினால் விநாடிக்கு 60 ஃபிரேம் தாராளமாகக் கிடைத்தது.

இந்த இரண்டு எண்களையும் பெருக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று புரியும். 4கே என்பது 3840-க்கு 2160, அதாவது ஒரு ஃபிரேமில் ஏறத்தாழ 83 லட்சம் பிக்ஸல். அதை 15-ஆல் பெருக்கினால் 12.44 கோடி. 1080பி என்பது 1920-க்கு 1080, அதாவது ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்ஸல். அதை 60-ஆல் பெருக்கினாலும் 12.44 கோடி. ஒரு புள்ளிகூடக் கூடவில்லை, குறையவில்லை. இடையில் இருந்த 2.7கே, 30 ஃபிரேம் கணக்கும் 12.3 கோடியில் வந்து நிற்கிறது.

முந்தைய ஆண்டு வந்த ஹீரோ 2 கேமராவில் 1080பி-க்கு 30 ஃபிரேம்தான் கிடைத்தது. விநாடிக்கு 6.2 கோடிப் பிக்ஸல். 2014-இல் வந்த ஹீரோ 4 பிளாக், 4கே-வில் 30 அல்லது 1080பி-யில் 120 ஃபிரேம் தந்தது. இரண்டுமே 24.9 கோடி. 2017-இன் ஹீரோ 6 பிளாக்கில் 4கே-வுக்கு 60, 2.7கே-வுக்கு 120, 1080பி-க்கு 240. மூன்றும் 50 கோடியை ஒட்டியே நின்றன. 2021-இன் ஹீரோ 10 பிளாக்கில் 5.3கே-வுக்கு 60, 4கே-வுக்கு 120, 2.7கே-வுக்கு 240. இவை 95 கோடிக்கும் 100 கோடிக்கும் நடுவில் விழுகின்றன.

பத்தே ஆண்டுகளில் 6, 12, 25, 50, 100 என்று இரட்டித்துக்கொண்டே போன வரிசை இது. மெனுவில் டஜன் கணக்கில் தெரியும் தேர்வுகளில் உச்சியில் இருப்பவை எல்லாம் ஒரே தொகையைப் பிரித்துச் செலவழிக்கும் வழிகள்தான். மாதச் சம்பளம் மாதிரி: வாடகைக்குக் கூடுதலாகப் போனால் மளிகைக்குக் குறையும். ரெசல்யூஷன் என்பது அந்தத் தொகையை இடத்துக்குச் செலவழிப்பது. ஃபிரேம் ரேட் என்பது நேரத்துக்குச் செலவழிப்பது.

வரம்பு எங்கிருந்து வருகிறது?

லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சார், தன் மேல் விழுந்த ஒளியை ஒரே வீச்சில் படித்துவிடுவதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாகப் படித்து வெளியே அனுப்புகிறது. ஒரு வரியைப் படிக்க ஆகும் நேரம் ஏறக்குறைய நிலையானது. எனவே வரிகள் அதிகமானால், ஒரு விநாடிக்குள் எத்தனை முறை மேலிருந்து கீழே போய்வர முடியும் என்பது குறைகிறது. சுழலும் விமான விசிறி வீடியோவில் வளைந்த வாள்போலத் தெரிவதும் இந்த வரி வாசிப்பால்தான். மேல்வரியைப் படித்த கணத்துக்கும் கீழ்வரியைப் படித்த கணத்துக்கும் இடையில் விசிறி நகர்ந்துவிடுகிறது.

சென்சாரைத் தாண்டினால் பிராசஸர். ஒவ்வொரு பிக்ஸலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒன்றை மட்டுமே பதிவு செய்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்ஸல்களிலிருந்து கணக்கிட்டு நிரப்ப வேண்டும். இரைச்சலைக் குறைக்க வேண்டும், அதிர்வைச் சரிசெய்ய வேண்டும், சுருக்கி கார்டில் எழுத வேண்டும். இத்தனையும் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் நடக்கிறது. அதனால் மெனுவின் உச்சி உயர்வது பெரும்பாலும் புதிய சிப் வரும்போதுதான். ஹீரோ 6-இல் ஜிபி1, ஹீரோ 10-இல் ஜிபி2 என்று கோப்ரோ சிப்பை மாற்றிய ஆண்டுகளில்தான் தொகை இரட்டித்தது.

மின்விசிறிக்கு இடமில்லாத, தண்ணீர் புகாமல் அடைத்த பெட்டிக்குள் இவ்வளவு வேலையும் நடக்கிறது என்பதால் சூடு இன்னொரு கடிவாளம். பைக் ஓடும்போது காற்று கேமராவைக் குளிர்விக்கும். சிக்னலில் வெயிலில் நிற்கும்போது அது இல்லை. உச்ச அமைப்பில் நெடுநேரம் ஓடும் கேமரா தானாக அணைந்துபோவது இந்த மாதிரி இடங்களில்தான்.

120 பாகையில் ஒரு நம்பர் பிளேட்

எத்தனை பிக்ஸல் போதும்? நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகைக் கோணத்துக்குள் சுமார் 60 புள்ளிகளைப் பிரித்தறியும். 43 அங்குலத் தொலைக்காட்சியின் அகலம் 95 சென்டிமீட்டர். அதை இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் திரை கண்ணில் அடைக்கும் கோணம் ஏறத்தாழ இருபத்தொன்றரைப் பாகை. 60-ஆல் பெருக்கினால் 1300 பிக்ஸல்கூட வரவில்லை. 1080பி-யின் 1920 பிக்ஸலே அங்கே மிச்சம். கையில் பிடித்துப் பார்க்கும் செல்போனுக்கும் கணக்கு இதே திசையில்தான் போகிறது.

அப்படியானால் 4கே வெறும் விற்பனைத் தந்திரமா? சாதாரண கேமராவுக்கு ஓரளவு அப்படிச் சொல்லலாம். ஆக்‌ஷன் கேமராவுக்குச் சொல்ல முடியாது. காரணம் லென்ஸ். ஹெல்மெட்டிலோ ஹேண்டில்பாரிலோ மாட்டிவிட்டபின் யாரும் வ்யூஃபைண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. எதிரே நடப்பது எதுவும் தப்பிவிடக் கூடாது என்பதால் 120 பாகை, அதற்கும் மேல் என்று அகன்ற கோணத்தில் இந்த லென்ஸ்கள் பார்க்கின்றன. உலகத்தையே வளைத்துப் பிடிக்கும்போது ஒவ்வொரு பொருளுக்கும் கிடைக்கும் பங்கு சுருங்குகிறது.

பைக் பயணத்தை வீடியோ எடுப்பவர்கள் நன்றாக அறிந்த உதாரணம் நம்பர் பிளேட். இந்தியக் கார்களின் ஒற்றை வரி நம்பர் பிளேட் அரை மீட்டர் அகலம். பத்து மீட்டர் முன்னால் போகும் காரில் அது ஏறத்தாழ 2.9 பாகை. 1080பி-யில் 120 பாகைக்கு 1920 பிக்ஸல் என்றால் பாகைக்கு 16. நம்பர் பிளேட் முழுவதற்கும் 46 பிக்ஸல். அதில் பத்து எழுத்தும் எண்ணும் இருக்கின்றன என்றால் ஒன்றுக்கு ஐந்து பிக்ஸல்கூடத் தேறாது. 8-ஆ 3-ஆ என்று பந்தயம் கட்டலாம், படிக்க முடியாது. 4கே-வில் ஒன்றுக்கு ஒன்பது பிக்ஸல் கிடைக்கும். அப்போது படித்துவிடலாம், படம் கலங்காமல் இருந்தால்.

கூடுதல் பிக்ஸலுக்கு வேறு இரண்டு செலவுகளும் உண்டு. ஒன்று அதிர்வு நீக்கம். 2018-இல் ஹைப்பர்ஸ்மூத் என்ற பெயரில் ஹீரோ 7 பிளாக் கொண்டுவந்த வசதியும் அதையொத்த மற்ற நிறுவன வசதிகளும், கைரோஸ்கோப் சொல்லும் அசைவுக்கு எதிர்த்திசையில் ஃபிரேமை நகர்த்துகின்றன. நகர்த்த இடம் வேண்டும் என்பதால் ஓரங்களை வெட்டிவிடுகின்றன. இரண்டாவது எடிட்டிங். அகலமாக எடுத்த காட்சியிலிருந்து வேண்டிய பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்ட, வெட்டிய பிறகும் மிஞ்சும் அளவுக்குப் பிக்ஸல் இருக்க வேண்டும். 4கே-வில் எடுத்து 1080பி-யாக வெளியிடுபவர், நாலில் ஒரு பங்குப் பரப்பை வைத்துக்கொண்டே முழுத் தெளிவான படம் தர முடியும்.

நேரத்தை வாங்குவது

2021 பிப்ரவரி 18 அன்று நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கியது. அந்த இறக்கத்தைப் படம்பிடிக்க விசேஷக் கேமரா எதையும் நாசா புதிதாகச் செய்யவில்லை. கடையில் கிடைக்கும் வகைக் கேமராக்களையே எடுத்துப் பொருத்தியது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் ஓட்டவில்லை. பாராசூட்டை நோக்கிய கேமராக்கள் அது விரியும் நேரத்தில் விநாடிக்கு 75 ஃபிரேம் எடுத்தன. ஊர்தியிலிருந்து தரையையும், மேலிருந்து அதைக் கயிற்றில் இறக்கிய இறக்கு மேடையையும் பார்த்தவை 30. இறக்கு மேடையிலிருந்து கீழே பார்த்த கேமராவுக்கு ரெசல்யூஷன் அதிகம், 2048-க்கு 1536. அதற்கு 12 ஃபிரேம் மட்டுமே.

ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. 21.5 மீட்டர் விட்டமுள்ள பாராசூட் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் உப்பிவிடுகிறது. எந்த மடிப்பு முதலில் பிரிந்தது, துணி எங்கே இழுபட்டது என்பதைப் பொறியாளர்கள் பார்க்க வேண்டும். 12 ஃபிரேமில் அது ஒரு படத்தில் மடிந்தும் அடுத்த சில படங்களில் விரிந்தும் முடிந்துபோயிருக்கும். ஊர்தி கயிற்றில் மெதுவாக இறங்குவதற்கோ அத்தனை ஃபிரேம் தேவையில்லை. அங்கே தெளிவுதான் முக்கியம்.

ஆக்‌ஷன் கேமராவில் உயர்ந்த ஃபிரேம் ரேட்டின் பயனும் இதுதான். விநாடிக்கு 240 ஃபிரேம் எடுத்து 30 ஃபிரேமில் ஓட்டினால் காலம் எட்டு மடங்கு நீள்கிறது. இரண்டு விநாடியில் முடியும் ஒரு தாவல் 16 விநாடி ஓடும். ஸ்லோமோஷன் செய்யும் எண்ணமே இல்லையென்றால் 240-க்கு வேலை இல்லை. பார்க்கும் திரை 60-க்கு மேல் காட்டாது என்றால் மீதி ஃபிரேம்கள் கார்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

சாதாரண வேகத்திலேயே ஓட்டப்போகும் காட்சிக்கு 24-ஆ, 30-ஆ, 60-ஆ என்பது ருசி சார்ந்தது. 24 என்ற எண் 1920-களின் பிற்பகுதியில் பேசும் படங்களோடு நிலைபெற்றது. ஃபிலிமின் ஓரத்தில் பதிந்த ஒலி ஒரே சீரான வேகத்தில் ஓடியாக வேண்டும் என்ற கட்டாயமும், ஃபிலிம் செலவு எகிறக் கூடாது என்ற கணக்கும் சேர்ந்து அந்த எண்ணைத் தந்தன. நூறாண்டு பழக்கத்தில் அதுவே "சினிமா மாதிரி இருக்கிறது" என்று கண்ணுக்குப் பதிந்துவிட்டது. 2012-இல் பீட்டர் ஜாக்சன் தி ஹாபிட் வரிசையின் முதல் படத்தை 48 ஃபிரேமில் எடுத்துத் திரையிட்டபோது, அசைவு வழுவழுவென்று இருந்ததே பலருக்கு உறுத்தியது. செட்டும் மேக்கப்பும் அப்பட்டமாகத் தெரிகின்றன, டிவி நிகழ்ச்சி போலிருக்கிறது என்றார்கள். ஆனால் மலைப்பாதையில் சைக்கிளோடு குலுங்கி இறங்கும் கேமராவுக்கு அந்த வழுவழுப்பு வரம். ஃபிரேமுக்கு ஃபிரேம் பின்னணி பெரிதாகத் தாவும்போது 24 ஃபிரேமில் கண் களைத்துவிடும், 60-இல் தொடர்ந்து பார்க்க முடியும்.

ஷட்டர் செய்யும் குறும்பு

60 ஃபிரேம் வைத்தால் படம் கூர்மையாக வரும் என்பது பரவலான நம்பிக்கை. கூர்மையை நிர்ணயிப்பது ஃபிரேம் ரேட் அல்ல, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு விநாடிக்குப் பத்து மீட்டர் நகர்கிறது. ஷட்டர் அறுபதில் ஒரு விநாடி திறந்திருந்தால் அதற்குள் 17 சென்டிமீட்டர் போய்விடும், அருகில் உள்ள தரை கோடுகளாக இழுபடும். 3200-இல் ஒரு விநாடி என்றால் 3 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரியும்.

இந்த 3200 சும்மா எடுத்த எண் இல்லை. பெரும்பாலான ஆக்‌ஷன் கேமராக்களில் லென்ஸ் துளையின் அளவை மாற்ற முடியாது. எஃப் 2.8 போன்ற அகன்ற துளை நிரந்தரமாகத் திறந்தே இருக்கும். உச்சி வெயிலில், ஐஎஸ்ஓ 100-இல், சரியான வெளிச்சத்துக்கு ஷட்டர் அந்த அளவுக்கு வேகமாகப் போயாக வேண்டும். விளைவு, ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி ஸ்டில் படம்போலக் கூர்மை. அவற்றை 24 அல்லது 30 வேகத்தில் ஓட்டினால் அசைவு வெட்டி வெட்டி வரும். சினிமாக்காரர்கள் ஃபிரேம் நேரத்தில் பாதிக்கு ஷட்டரைத் திறந்து வைப்பது வழக்கம், 24 ஃபிரேமுக்கு 48-இல் ஒரு விநாடி. அந்தக் கலங்கல்தான் ஒரு ஃபிரேமை அடுத்ததோடு ஒட்டுகிறது. வெயிலில் அதே தோற்றம் வேண்டுமென்றால் லென்ஸுக்கு முன்னால் என்டி ஃபில்டர் மாட்ட வேண்டும். என்டி32 ஃபில்டர் ஒளியை 32-இல் ஒரு பங்காக்கி, 3200-ஐ 100-க்கு இறக்கிவிடும்.

ஆனால் அதிர்வு நீக்கம் ஓடிக்கொண்டிருந்தால் இந்த ஆசை ஆபத்தானது. மென்பொருள் ஃபிரேமை நகர்த்தி நிலைநிறுத்தலாம், ஃபிரேமுக்குள் ஏற்கனவே பதிந்துவிட்ட கலங்கலைத் துடைக்க முடியாது. விளிம்புகள் அசையாமல் நிற்க, நடுவில் படம் மட்டும் துடிதுடிக்கும். மாலை மங்கிய பின் எடுத்த ஓட்டப் பயிற்சி வீடியோக்களில் இதைப் பார்க்கலாம்.

மங்கிய வெளிச்சம் ஃபிரேம் ரேட்டுக்கும் எதிரி. 240 ஃபிரேம் வைத்தால் ஒரு ஃபிரேமுக்கு அதிகபட்சம் 240-இல் ஒரு விநாடி ஒளிதான் கிடைக்கும். 30 ஃபிரேமில் கிடைக்கக்கூடியதில் எட்டில் ஒரு பங்கு. குறைந்த ஒளியைக் கேமரா மின்னணு முறையில் பெருக்கிக் காட்டுவதால் புள்ளி புள்ளியாக இரைச்சல் மொய்க்கும்.

டியூப்லைட் மின்னும் ஊர்கள்

இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்புகள் பலவும் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு, 60 ஃபிரேமில் எடுக்கும் கேமராவுக்குத் தெரியும். ஒவ்வொரு ஃபிரேமும் துடிப்பின் வெவ்வேறு பகுதியைப் பிடிப்பதால் படம் மினுக்கும். வரி வரியாகப் படிக்கும் சென்சாரில் அது கிடைமட்டப் பட்டைகளாக ஊரும். உள்விளையாட்டரங்கில் எடுத்த ஷட்டில் ஆட்டத்தில் சுவரெல்லாம் பட்டை ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

கேமராவின் அமைப்பில் 60 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ் என்ற தேர்வு இதற்காகவே இருக்கிறது. 50-ஐத் தேர்ந்தால் 30, 60, 120, 240 என்ற வரிசை போய் 25, 50, 100, 200 வரும். ஷட்டர் 50-இல் ஒன்றாகவோ 100-இல் ஒன்றாகவோ இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முழுத் துடிப்புகளே கிடைக்கும், மினுக்கல் அடங்கிவிடும். 200 ஃபிரேமில் ஷட்டர் நேரமே ஒரு துடிப்பைவிடக் குறைவு, அங்கே எந்த அமைப்பும் உதவாது. வெயிலில் எடுப்பவருக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

கார்டில் விழும் கடைசிக் கணக்கு

4கே, 60 ஃபிரேம் வீடியோவைச் சுருக்காமல் வைத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 600 கோடி பிட். கேமரா கார்டில் எழுதுவதோ 100 மெகாபிட், அதாவது 10 கோடி பிட் அளவில்தான். அறுபதில் ஒரு பங்கு. எச்.264, எச்.265 போன்ற சுருக்கு முறைகள், முந்தைய ஃபிரேமிலிருந்து மாறாத பகுதியை மறுபடி எழுதாமல் விட்டு இதைச் சாதிக்கின்றன. ஆக்‌ஷன் வீடியோவில் மாறாத பகுதி என்று அதிகம் இருப்பதில்லை. நுரைக்கும் அலை, சரளைக் கற்கள், காற்றிலாடும் இலைகள் எல்லாம் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிது. அதே 100 மெகாபிட்டில் 120 ஃபிரேம் எழுதச் சொன்னால் ஒரு ஃபிரேமுக்கு உரிய பங்கு பாதியாகிவிடுகிறது. 4கே என்று பெயர் இருந்தும் புல்வெளி பச்சைக் கூழாகத் தெரிவது அப்போதுதான்.

100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு 85 நிமிடத்தில் நிரம்பும். கார்டும் ஈடுகொடுக்க வேண்டும். வி30 என்று அச்சிட்ட கார்டு விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுத உத்தரவாதம் தருகிறது. 100 மெகாபிட்டுக்குத் தேவை 12.5 மெகாபைட்தான் என்பதால் அது தாராளம்.

பெரிய எண்கள் இல்லாமலும் பெரிய திரைக்குப் போனவர்கள் உண்டு. லூசியன் கஸ்டெங்-டெய்லரும் வெரெனா பரவெலும் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட மீன்பிடிக் கப்பலில் ஹெச்டி காலத்துக் கோப்ரோ கேமராக்களைக் கட்டி லெவியத்தன் என்ற ஆவணப்படத்தை எடுத்தார்கள். 2012-இல் வெளிவந்த அந்தப் படத்தில் பாதி இருட்டு, பாதி இரைச்சல். கேமரா மீனோடு மீனாகத் தளத்தில் உருள்கிறது, அலைக்குள் முங்கி எழுகிறது. அவர்களுக்கு வேண்டியிருந்தது கேமரா போகும் இடம்தான்.

கிழக்கிலங்கையின் அறுகம்பையில் அலைச்சறுக்கும் ஒருவர் பலகையின் மூக்கில் ஹீரோ 10 போன்ற கேமராவை மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அவருக்கு 4கே, 25 அல்லது 50 ஃபிரேம் பொருந்தும். ஒளி போதாத நேரத்தில் 200 ஃபிரேம் கேட்டால் கறுப்புத் தண்ணீரும் இரைச்சலும்தான் கிடைக்கும். ஒன்பது மணி வெயிலில், அலை முறியும் இரண்டு மூன்று விநாடியை நீட்டிக் காட்ட விரும்பினால் 2.7கே, 200 ஃபிரேம். வெளிச்சம் தாராளம், செல்போனில் பார்ப்பவர்களுக்கு 2.7கே-யே அதிகம். கரையோரக் கூட்டத்தையும் பின்னணியில் வரும் நண்பரையும் பிறகு வெட்டிப் பெரிதாக்க வேண்டுமென்றால் 5.3கே, 50 ஃபிரேம். அந்த அமைப்பில் ஸ்லோமோஷனுக்கு இரண்டு மடங்குக்கு மேல் இடமில்லை. தண்ணீருக்குள் போன பிறகு மெனுவை மாற்றுவது சிரமம். ஆகவே கரையிலேயே, அன்றைய வெளிச்சத்தில், மூன்று அமைப்பிலும் பத்துப் பத்து விநாடி எடுத்து, கடைசியில் எந்தத் திரையில் பார்க்கப் போகிறாரோ அதிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினால் போதும்.